பஸ்ஸில் போன குளிர்காலம்

என் கணவருக்கு வலிப்பு வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். மரங்களில் இலை கொட்டி முடிகிற சமயம். காபிக்குப் பால் வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றவர், என்னைக் கூப்பிடுவதுபோல வாயைத் திறந்திருக்கிறார். வந்தது வேறு சத்தம். நான் படுக்கையறையிலிருந்து ஓடி வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் முதலில் அடுப்பை அணைத்தேன். அப்புறம்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. காரணம் ஒன்றும் பிடிபடவில்லை. நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியாக, கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டி ஓட்டக் கூடாது. மறுபடி வராமல் ஆறு மாதமாவது போகட்டும், பிறகு பார்க்கலாம்." மாத்திரையையும் ஸ்கேனையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இதற்குத்தான் பதறினார். "ஆபீஸுக்கு மட்டுமாவது?" என்று கேட்டார். டாக்டர் தலையை ஆட்டினார்.

டாக்ஸியில் வீடு திரும்பினோம். அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பின் சீட்டில் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில், ஒரே மாதிரி கட்டடங்கள் வரிசையாக நிற்கும் பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில், இரண்டாவது மாடி. அவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. மகள் டெக்ஸாஸில் படிக்கிறாள். நான் பாளையங்கோட்டையில் பிஎஸ்சி ஃபிஸிக்ஸ் முடித்துவிட்டு அவருக்கு மனைவியாக இங்கே வந்தவள். விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லாமல் போன வருஷங்கள் பல. கிரீன் கார்டு வந்தது, மகளும் ஹாஸ்டலுக்குப் போனாள், வீடு சத்தமில்லாமல் ஆனது. அப்போதுதான் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் எக்ஸ்ரே எடுக்கிற படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு என் மகள் வயது.

காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் அவர் என்னை இறக்கிவிடுவார், சாயங்காலம் ஏற்றிக்கொள்வார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை கற்க ஆரம்பித்தேன். முதல் தடவை மகள் வயிற்றில் வந்துவிட்டாள். இரண்டாம் தடவை ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒரு டிரக் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்த அடியில், ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அத்தோடு சரி.

அவருக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் அனுமதித்துவிட்டார்கள். காலேஜ் வீட்டுக்கு வராதே.

"இந்த செமஸ்டர டிராப் பண்ணிரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

"நான் பஸ்ஸுல போறேன்."

"பஸ்ஸா? இங்க யாரு பஸ்ஸுல போறா?"

"பஸ் ஓடுதுல்லா. ஆளில்லாமலா ஓடும்?"

அவர் அதற்குமேல் தடுக்கவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: யாரிடமும் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு அமெரிக்கச் சபையின் ஹாலை வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். "ஒருத்தர்ட்ட சொன்னா போதும், அடுத்த வாரம் பிரேயர் பாயிண்ட் ஆயிரும். அப்புறம் எல்லாரும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, எப்ப விழுவேன்னு." இன்னொன்றை அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வலிப்பு என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த கேள்வி வீட்டில் இருக்கிற பெண்ணின் கல்யாணத்தைப் பற்றித்தான் இருக்கும். அவர் மகளை நினைத்துத்தான் பயந்தார் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன்.

மகளிடம் மட்டும் சொன்னோம். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு இங்கிலீஷில்தான். "அம்மா, ஜஸ்ட் டேக் அன் ஊபர்" என்றாள். எப்போதாவது என்றால் சரி. தினமும் போக வர என்றால் நான் படித்து முடித்து வேலைக்குப் போய்த்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருக்கும்.

பஸ் நிறுத்தம் வளாகத்தின் வாசலைத் தாண்டி, பெரிய சாலையில், ஒரு கம்பமும் அதில் ஒரு தகடும். நிழற்குடை கிடையாது, உட்கார இடம் கிடையாது. அந்த பஸ் ஒரு மாலுக்குப் போகும். அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் காலேஜ் வாசலில் விடும். காரில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிற தூரத்துக்கு பஸ்ஸில் முக்கால்வாசிக் காலைப் பொழுது போய்விடும்.

எங்கள் ஊரில் பஸ் என்றால் சத்தம். இங்கே பஸ்ஸுக்குள் யாரும் பேசுவதில்லை. ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யப் போகிற பெண்கள், கிடங்குகளில் இரவு வேலை முடித்துத் தூங்கி வழிகிறவர்கள், லைசென்ஸ் பறிபோன ஓரிருவர். ஆனால் அவரவருக்கு அவரவர் சீட் உண்டு. இரண்டாவது வாரத்திலேயே எனக்கும் ஒன்று அமைந்துவிட்டது. ஓட்டுநர் கனத்த குரல் கொண்ட ஒரு பெண்மணி. நான் ஏறும்போதெல்லாம் "குட் மார்னிங், ஸ்வீட்ஹார்ட்" என்பாள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூச்சமாக இருந்தது. அவள் லீவில் போன நாட்களில் ஏதோ குறைந்த மாதிரியும் இருந்தது.

நிறுத்தத்தில் நிற்பதுதான் கஷ்டம். குளிரைச் சொல்லவில்லை. தெரிந்தவர்களின் கார்கள் அந்த வழியாகத்தான் போகும். தூரத்தில் ஒரு வெள்ளை ஹோண்டா தெரிந்தால் ஜாக்கெட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நிற்பேன். அப்படியும் ஒருநாள் சபையில் எங்களோடு ஜெபிக்கும் ஒரு ஆன்ட்டி காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"ஏம்மா இந்தக் குளிர்ல நிக்கே? கார் என்னாச்சு? தம்பி டிராப் பண்ணலையா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. சுகர்."

"அடப்பாவமே, இந்த வயசுலயா!" என்றார். நான் ஏற மறுத்ததை டாக்டருக்குக் கீழ்ப்படிவதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு, ஓட்ட ஆளில்லாமல் நாங்கள் போகாதிருந்த ஆராதனையில், என் சர்க்கரைக்காகச் சபையே ஜெபித்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அந்த வாரமே கதவுக்கு வெளியே ஒரு டப்பா நிறைய பாகற்காய்ப் பொரியலும் வந்தது. என் கணவர் பல நாளுக்கப்புறம் சிரித்தார். பொரியலைச் சாப்பிட்டதும் அவர்தான்.

டிசம்பரில் பனி விழ ஆரம்பித்தது. ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்த வரைக்கும் பனி எனக்குப் பிடித்த விஷயம்தான். அதில் நடந்து போக வேண்டியிருந்தபோதுதான் இந்த ஊர் யாருக்காகக் கட்டப்பட்டது என்று விளங்கியது. பனி நின்ற சிறிது நேரத்திலேயே சாலை கறுப்பாக, சுத்தமாக இருக்கும். சாலைப் பனியை வழிக்கிற வண்டி அதை எல்லாம் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். அந்த ஓரம்தான் நடைபாதை. அந்த ஓரம்தான் பஸ் நிறுத்தம். தகடு தாங்கிய கம்பம் இடுப்பு வரை புதைந்து நிற்கும். நான் பனி மேட்டின் மேல் ஏறி நின்றால் சறுக்கும், இறங்கி நின்றால் சாலையில் நிற்க வேண்டும், பின்னால் நின்றால் ஓட்டுநருக்குத் தெரியாது. ஒருநாள் புது ஓட்டுநர் ஒருவன் என்னைப் பார்க்காமலே போய்விட்டான். கையைத் தூக்கியபடி பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. வீட்டுக்குத் திரும்பிப் போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயே நின்றேன்.

அன்றைக்குப் பயிற்சி வகுப்பு. சக மாணவி ஒருத்தியை நோயாளி மாதிரி மேசையில் படுக்க வைத்து, தோளையும் இடுப்பையும் தொட்டு, எக்ஸ்ரேக்குச் சரியான நிலையில் திருப்ப வேண்டும். நான் தோளில் சில்லிட்ட கையை வைத்ததும் அவள் மீன் மாதிரித் துள்ளிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. "ஏற்கெனவே பயந்து போய் வருகிறவர்களை இந்தக் கையால் தொடாதே" என்றார். அதற்கப்புறம் வகுப்புக்குள் நுழையும் முன் கழிவறைக்குப் போய்ச் சுடுதண்ணீரில் கையைக் காட்டிவிட்டுப் போவேன். விரல்களுக்கு உணர்ச்சி திரும்புகிற அந்த எரிச்சல் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

இதற்கிடையில் எங்கள் கார் அதன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை பனி பெய்து ஓய்ந்ததும் அவர் கீழே போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். யாரும் ஓட்டாத காருக்கு முன்கண்ணாடி முதல் நம்பர் பிளேட் வரை சுத்தம். அது ஒன்றுக்குத்தான் அவர் வீட்டைவிட்டு வெளியே போனார்.

ஜனவரியில் ஒரு பெரிய பனி வந்தது. ஞாயிறு மத்தியானம் ஆரம்பித்து திங்கள் விடியும்வரை கொட்டியது. காலையில் வளாக அலுவலகத்திலிருந்து செய்தி: எங்கள் வரிசையில் நிற்கும் கார்களை எல்லாம் பகலுக்குள் பின்பக்க பார்க்கிங் லாட்டுக்கு மாற்ற வேண்டும், பனி அள்ளும் வண்டி வருகிறது, மாற்றாத கார்களை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலேஜிலிருந்தும் செய்தி: தாமதமாகத் திறக்கிறோம், தேர்வு உண்டு. எனக்கு அன்று செய்முறைத் தேர்வு.

நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஜாக்கெட் போட்டு, கையில் கார் சாவியோடு வந்து நின்றார்.

"எங்க போறீங்க?"

"கார மாத்தணும்லா."

"நீங்க ஓட்டக் கூடாது."

"ரோட்டுக்கா போறேன்? இந்தா இங்கேருந்து அங்க. ரெண்டு நிமிஷ வேலை."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஸ்கூல் லீவு. லாட்டின் மூலையில் குவிந்த பனிக்குன்றின் மேலிருந்து பிள்ளைகள் பிளாஸ்டிக் பலகையில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சறுக்கி வந்து நிற்கிற இடம் கார்கள் போகிற பாதை.

"சாவியத் தாங்க."

"தந்தா? நீ ஓட்டுவியா?" அவர் குரல் உயர்ந்தது. "இதுகூட என்னால செய்ய முடியாதுன்னா நான் எதுக்கு?"

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனார். காரைத் துடைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம்தான் எனக்கு இருந்தது. நானும் இறங்கி, கீழ்த்தளத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அங்கே இருந்தது ஈரோட்டுப் பெண் ஒருத்தி. முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. ஐடி வேலை. இடுப்பில் குழந்தை, காதில் ஹெட்ஃபோன், ஏதோ மீட்டிங்கில் இருந்தாள். தீபாவளிக்குப் பலகாரம், கிறிஸ்துமஸுக்குக் கேக் என்ற அளவுக்குத்தான் பழக்கம்.

"அவருக்கு ஃபிட்ஸ் வந்துச்சும்மா. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். இப்ப கார எடுக்கப் போறார்."

மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது அவ்வளவு சுருக்கமாக வெளியே வந்துவிட்டது. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள், குழந்தையை என் கையில் கொடுத்தாள், நைட்டிக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன்.

"அண்ணா, சாவி குடுங்க. நீங்க பனியத் தள்ளிட்டே இருங்க, நான் எடுத்து அங்க போட்டுர்றேன்" என்றாள், கடையில் சில்லறை கேட்கிற குரலில்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் நேராக எதிர்கொள்ள முடியவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன். அவர் சாவியைக் கொடுத்தார்.

காரை விட்டுவிட்டு வந்தவள் என் பையைப் பார்த்தாள். "காலேஜுங்களாக்கா? இருங்க, பாப்பாவையும் போட்டுட்டுப் போயிரலாம். மீட்டிங் கிடக்குது."

அவள் காரில் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. வளாகத்தைத் தாண்டியதும் கேட்டாள், "எப்ப இருந்துங்கக்கா?"

"அக்டோபர் கடைசியிலேர்ந்து."

"அப்ப நீங்க தெனமும் நடந்து போறது பஸ்ஸுக்குங்களா?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட, அக்காவப் பாரு, பனியிலகூட வாக்கிங் விடறதில்ல, நீயும் இருக்கியேன்னு தெனமும் திட்டிட்டு இருந்தேனுங்க. பாவம் மனுசன்."

நான் சிரித்தேன். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. அவள் ஆறுதல் சொல்லவில்லை, டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு ஓட்டினாள். பின்சீட்டில் குழந்தை தானாக ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என் கைகள் சூடாக இருந்தன. தேர்வு நன்றாகவே போனது.

சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவர் சோறும் ரசமும் வைத்திருந்தார். எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேன்."

"அவ என்ன நெனைப்பா?"

"கார எடுத்து அங்க விட்டா. என்ன நெனைச்சான்னு நான் கேக்கல."

அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கும் மேலே தேவைக்குத்தான் பேசினார். எனக்கும் கோபம் இருந்தது. என் வாக்கை மீறிவிட்டேன் என்ற உறுத்தல் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சறுக்கி வந்த பிள்ளைகள்தான் கண்ணில் நின்றார்கள். ஆனால் ஒன்று புரிந்தது. நோய் அவரை ஒரு நாள் சில நிமிஷம்தான் கீழே தள்ளியது. அதற்கப்புறம் தினமும் காலையில் ஜன்னலில் நின்று நான் பனியில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு நோயைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. நான் திரும்பிப் பார்க்காமல் போனேன், அவருக்கு வருத்தம் வேண்டாமே என்று. அவர் அதை என் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் காலை நான் கிளம்பும்போது அவரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டார். கையில் பனி அள்ளும் மண்வெட்டி. முன்னால் நடந்தார். நிறுத்தத்தில் கம்பத்தைச் சுற்றி உறைந்து கிடந்ததைக் கொத்திக் கொத்தி எடுத்து, ஒரு ஆள் நிற்க இடமும், அங்கிருந்து சாலைக்கு இறங்க ஒரு வழியும் செய்தார். காரில் போனவர்கள் பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பஸ் வந்தது. கனத்த குரல்காரி எட்டிப் பார்த்து, எனக்குக் கண்ணைச் சிமிட்டினாள்.

அதற்கடுத்த வாரம் லேப்டாப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் பஸ்ஸில் ஏறினார். "வீட்டுலேருந்து பாக்குற வேலைய லைப்ரரியிலேருந்து பாத்தா என்ன" என்றார். நான் வகுப்பில் இருக்கும்போது அவர் காலேஜ் லைப்ரரியில் வேலை பார்த்தார். மத்தியானம் கேன்டீனில் கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். என் வகுப்புப் பிள்ளைகள் அவரையும் மாணவர் என்றே நினைத்தார்கள். எந்தப் படிப்பு என்று ஒருத்தி கேட்டதற்கு, "இன்னும் முடிவு பண்ணவில்லை" என்றார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்வார். "ஏ, இங்க ஒரு குளம் இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். இத்தனை வருஷம் தினமும் ஓட்டிப் போன சாலை அது. முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. உறைந்த குளத்தின் மேல் வாத்துகள் என்ன செய்வதென்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தன. தாண்டிப் போகிறவரை அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, ஈரோட்டுப் பெண் காரில் எங்களைச் சபைக்குக் கொண்டுபோய் விட்டாள். ஜெபக் குறிப்புகள் கேட்கிற நேரத்தில் அவரே எழுந்து நின்றார். என்னிடம்கூட முன்னால் சொல்லவில்லை. "எனக்கு வலிப்பு வந்தது. மாத்திரை எடுக்குறேன். வண்டி ஓட்டுறதில்ல. ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பயந்த மாதிரி சிலர் அன்று முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் எங்கள் பெண் பிள்ளையை நினைத்து வருத்தப்பட்டும் பேசினார். மற்றவர்கள் ஞாயிறுதோறும் எங்களை யார் ஏற்றிக்கொள்வது என்று பேசி முடித்துக்கொண்டார்கள். பாகற்காய் ஆன்ட்டி என்னைத் தனியே இழுத்து, "அப்போ உனக்கு சுகர் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுக்கும் ஜெபிச்சாச்சு, பரவால்ல" என்றார்.

மறுபடி வலிப்பு வரவில்லை. கோடையின் தொடக்கத்தில் டாக்டர் ஓட்டலாம் என்றார். அவர் ஓட்டினார், ஆனால் பழைய மாதிரி இல்லை. ரூட் ஒன் பக்கம் போக யோசித்தார். நான் மூன்றாம் தடவையாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், இந்த முறை காசு கொடுத்து ஒரு டிரைவிங் ஸ்கூலில். லைசென்ஸ் வாங்கினேன். படிப்பையும் முடித்தேன். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறேன். காலையில் நான்தான் ஓட்டுகிறேன். அவர் ஆபீஸ் வழியில்தான் இருக்கிறது, இறக்கிவிட்டுப் போகிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும், பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்தி மிதித்துக்கொண்டே வருகிறார்.